ஆடாமல் நிற்பதும் ஆளைத் தொடர்வதும்

கிம்பலில் கைபேசியை மாட்டுகிறோம். திரையில் தெரியும் குழந்தையைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போடுகிறோம். அதன் பிறகு குழந்தை திண்ணையில் ஏறினாலும் தூணைச் சுற்றி ஓடினாலும் கேமரா தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போகிறது. பிடித்திருப்பவர் நடந்தாலும் படத்தில் குலுக்கல் இல்லை. கல்யாண வீடியோக்காரர், சமையல் சேனல் நடத்துபவர், தனியாக ஆடிப் பதிவேற்றும் பரதநாட்டிய மாணவி, கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவே நடந்தபடி பாடம் சொல்லும் ஆசிரியர் என்று பலர் கையிலும் இன்று இது இருக்கிறது.

ஒரு கைப்பிடி, மூன்று மோட்டார், ஒரு கவ்வி. பார்க்க எளிய பொருள்தான். ஆனால் இதற்குள் இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள் குடியிருக்கின்றன. கேமராவை அசையாமல் வைப்பது ஒன்று. அசையும் ஆளை நோக்கி அதே கேமராவை அசைப்பது இன்னொன்று. முதலாவது கப்பலிலும் சினிமாவிலும் வளர்ந்தது. இரண்டாவது போர்க்காலக் கணக்கில் தொடங்கி, கணினி ஆய்வுக்கூடங்களில் ஆளானது. எதிரெதிர் வேலை பார்க்கும் இந்த இரண்டும் எப்படி ஒரே கைப்பிடிக்குள் சம்பந்தம் செய்துகொண்டன என்பதுதான் இதன் பிறந்த கதை.

கதைக்குள் போகுமுன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே அசையாமல் நீட்டி, தலையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். விரல் தெளிவாகத் தெரியும். இப்போது தலையை அசைக்காமல், விரலை அதே வேகத்தில் ஆட்டுங்கள். விரல் கலங்கிவிடும். கண்ணும் விரலும் அவைதான். வேலை பார்க்கும் அமைப்புதான் வேறு. தலை ஆடும்போது, உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் அந்தத் திருப்பத்தை உணர்ந்து, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. விரல் ஆடும்போது, அது எங்கே போகிறது என்று பார்த்து, மூளை கணக்குப் போட்டு, அதற்குப் பிறகே கண் கிளம்புகிறது. இதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் பிடிக்கும். நிலைநிறுத்துவது வேகமான வேலை, பின்தொடர்வது மெதுவான வேலை. உடம்பில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு கிம்பலிலும் அப்படியே இருக்கிறது.

மை சிந்தாத புட்டி

வளையத்துக்குள் வளையம் வைத்து, நடுவில் ஒரு பொருளைத் தொங்கவிட்டால், வெளி வளையம் எப்படிப் புரண்டாலும் உள்ளே இருப்பது நிமிர்ந்தே நிற்கும். கிம்பலின் தொடக்கம் இதுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியத்து ஃபைலோ எழுதியதாக அரபு மொழிபெயர்ப்பில் மிஞ்சியிருக்கும் நூலில் இப்படி ஒரு மைப்புட்டி வருகிறது. எட்டுப் பக்கம் கொண்ட புட்டி. பக்கத்துக்கு ஒரு துளை. எந்தப் பக்கத்தை மேலே திருப்பினாலும் பேனாவை உள்ளே தோய்க்கலாம், மை வெளியே சிந்தாது. காரணம், உள்ளே வளையங்களில் தொங்கும் சிறு மைக்கிண்ணம்.

சீனாவில் இதே வித்தை படுக்கைக்குப் போனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் டிங் ஹுவான் என்ற கைவினைஞர், போர்வைக்குள் வைத்தாலும் கவிழாத தூபக்கலம் செய்ததாகப் பழைய பதிவு இருக்கிறது. டாங் வம்சக் காலத்தில் வெள்ளியில் சிற்ப வேலைப்பாட்டோடு செய்த இத்தகைய உருண்டைகள், ஷான்ஷி மாநிலத்து ஃபாமென் கோயிலின் நிலவறையிலிருந்து 1987இல் கிடைத்தன. உருண்டையை எப்படி உருட்டினாலும் உள்ளே இருக்கும் கிண்ணம் வாய் மேலே பார்த்தபடியே நிற்கும்; தணல் மெத்தையில் கொட்டாது.

இத்தாலியக் கணித அறிஞர் ஜெரோலமோ கார்டானோ 1550இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விவரித்தார். தாமே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கப்பலின் திசைகாட்டி, கடல் கடிகாரம், அடுப்பு, விளக்கு என்று அலையில் நிமிர்ந்து நிற்க வேண்டியதெல்லாம் இந்த வளையங்களில் ஏறின.

இந்தப் பழைய வளையங்களுக்குப் புவியீர்ப்பு விசைதான் எஜமான். கனமான அடிப்பாகம் கீழே இழுக்கிறது, அதனால் பொருள் நிமிர்கிறது. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் உள்ளே இருப்பது ஊஞ்சலாடும். தணலுக்கு அது பெரிய விஷயமில்லை. கேமராவுக்கு ஆகாது.

பிலடெல்பியாவின் 72 படிகள்

சினிமாவில் கேமராவை நகர்த்த வேண்டுமென்றால் தண்டவாளம் போடுவார்கள். அதன்மேல் டிராலியை வைத்துத் தள்ளுவார்கள். தண்டவாளம் போட முடியாத இடத்தில் தோளில் சுமந்து நடப்பார்கள், படம் குலுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழியே இல்லாமல் இருந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரெட் பிரவுன். நாட்டுப்புறப் பாடகராக இருந்து விளம்பரப் படம் எடுக்க வந்தவர்.

1970களின் தொடக்கத்தில் அவர் கட்டிய கருவி மூன்று யோசனைகளின் கூட்டு. முதலாவது, எடையைப் பரப்புவது. ஒரு கம்பத்தின் மேல் முனையில் கேமரா, கீழ் முனையில் பேட்டரியும் சிறு திரையும். எடை இப்படி விலகி இருந்தால் கம்பம் எளிதில் சுழலாது. கையின் நடுக்கம் அதை அசைக்கப் போதாது. இரண்டாவது, கம்பத்தின் எடை மையத்துக்கு அருகே வளைய மூட்டு ஒன்றை வைத்து, அங்கே மட்டும் இரண்டு விரலால் மெல்லத் தொட்டுத் திசை காட்டுவது. மூன்றாவது, மொத்தப் பாரத்தையும் சுருள்வில் கொண்ட ஒரு கை வழியாக உடம்பில் கட்டிய கவசத்துக்கு மாற்றிவிடுவது. நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் எழும்பித் தாழ்வதை அந்தச் சுருள்வில் விழுங்கிக்கொள்ளும்.

கருவி வேலை செய்கிறது என்று காட்ட பிரவுன் ஒரு மாதிரிப் படச்சுருள் எடுத்தார். அதில் ஒரு காட்சியில், பின்னாளில் அவர் மனைவியான எலன், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடி இறங்கி மறுபடி ஏறுகிறார். கேமராவும் கூடவே ஓடுகிறது. தண்டவாளம் போட வாய்ப்பே இல்லாத இடம். கருவியின் உருவத்தை மறைத்துவிட்டு, விளைவை மட்டும் ஹாலிவுட்டுக்குக் காட்டினார்கள். இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் அதைப் பார்த்துவிட்டுத் தந்தி மொழியில் ஒரு பாராட்டு அனுப்பினார். கூடவே ஓர் எச்சரிக்கை: சுருளில் இரண்டு இடங்களில் தரையில் விழும் நிழல், ஒரு மனிதன் கம்பம் ஒன்றைப் பிடித்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, அதை வெட்டிவிடுங்கள் என்று. ரகசியத்தின் ஓரம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

இன்னொரு இயக்குநரான ஜான் அவில்ட்சன் அதே சுருளைப் பார்த்துவிட்டு அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார். 1976இல் வெளிவந்த அவருடைய 'ராக்கி' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் ஏறி ஓடும் 72 படிகள் அவைதான். அதே ஆண்டு வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி'யில் பிரவுன் கிரேனில் மேலிருந்து வந்து, தரை தொட்டதும் இறங்கி, கூட்டத்துக்குள் நடந்தே போனார். வெட்டு இல்லாத ஒரே ஷாட். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லருக்கு அந்தப் படம் ஆஸ்கர் வாங்கித் தந்தது. ஸ்டெடிகாம் என்று பெயர் பெற்ற அந்தக் கருவிக்கும் 1978இல் தொழில்நுட்ப ஆஸ்கர் கிடைத்தது. கூப்ரிக் தம் 'தி ஷைனிங்' (1980) படத்துக்கு பிரவுனையே அழைத்து, விடுதியின் நடைவழிகளில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் சிறுவனின் பின்னால் கேமராவை ஓடவிட்டார்.

ஸ்டெடிகாமில் ஆளைத் தொடர்ந்தது யார்? அதைச் சுமந்த மனிதர். எப்போது நெருங்குவது, எப்போது ஒதுங்குவது, ஆள் திரும்புமுன் தான் திரும்புவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் முடிவு. அதற்குப் பல வருடப் பயிற்சியும் வலுவான முதுகும் வேண்டும். கருவியின் விலையோ சாதாரணப் படக்குழுவுக்கே எட்டாதது.

சிலிக்கான் துணுக்கின் வருகை

எடையால் செய்ததை மோட்டாரால் செய்ய வேண்டுமென்றால், கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று சொல்ல ஓர் உணரி வேண்டும். சுழலும் சக்கரம் வைத்த கைரோஸ்கோப்பை 1852இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ காட்டியிருந்தார். கப்பலுக்கும் விமானத்துக்கும் அது போதும். உள்ளங்கைக் கருவிக்குள் அது போகாது.

வழி திறந்தது சிலிக்கானில். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகச் செதுக்கிய ஒரு சிலிக்கான் துண்டு விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். சிப்பைத் திருப்பினால் அந்தத் துண்டு பக்கவாட்டில் ஒரு துளி ஒதுங்கும். 1835இல் கொரியோலிஸ் விளக்கிய விசையின் வேலை அது. அந்த ஒதுக்கத்தை மின்சார அளவாக மாற்றினால் திருப்பத்தின் வேகம் கிடைத்துவிடும். 2010 ஜூனில் ஐபோன் 4 அறிமுகமானபோது ஸ்டீவ் ஜாப்ஸ், அடுக்கிய கட்டைகளை உருவும் ஒரு விளையாட்டை வைத்து இந்தக் கைரோவை மேடையில் செய்து காட்டினார். கைபேசிகள் கோடிக்கணக்கில் விற்க, உணரியின் விலை மளமளவென்று இறங்கியது. கிம்பலுக்கு முதல் உதவி செய்தது, பிற்காலத்தில் தானே அதன்மேல் ஏறி உட்காரப்போகும் கைபேசிதான்.

கைரோவுக்கு ஒரு குணக்கேடு உண்டு. சின்னச் சின்னப் பிழைகளைக் கூட்டிக்கொண்டே போய், கொஞ்ச நேரத்தில் எது நேர் என்பதையே மறந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் முடுக்கமானிக்குத் தரை எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் நடக்கும்போது பதறிவிடும். வேகத்துக்குக் கைரோவையும் நிதானத்துக்கு முடுக்கமானியையும் நம்பி, இரண்டின் பேச்சையும் கலந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதற்கு இருக்கும் கணித வழிகளில் பேர்போனது ருடால்ஃப் கால்மன் 1960இல் எழுதிய முறை. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டலில் பயன்பட்ட கணக்கு அது.

சாய்வு தெரிந்தபின் எவ்வளவு திருத்துவது என்ற கேள்விக்கும் விடை பழையது. நிக்கலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அனுபவசாலியான கப்பல் சுக்கானியர் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்து 1922இல் ஒரு கட்டுரை எழுதினார். இப்போது எவ்வளவு விலகல், இதுவரை சேர்ந்த விலகல் எவ்வளவு, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் நல்ல சுக்கானி கை வைக்கிறார் என்றார். அதை 'நியூ மெக்சிகோ' போர்க்கப்பலில் சோதித்தும் பார்த்தார்கள். உங்கள் கிம்பலின் மோட்டார்கள் இன்றும் நொடிக்குப் பல நூறு முறை இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டுதான் சுழல்கின்றன.

வானத்திலிருந்து கைக்கு

மோட்டார் பொறுப்பு ஏற்றது முதலில் ஆகாயத்தில். பொம்மை ஹெலிகாப்டர், டிரோன் பறக்கவிட்டவர்கள் அதில் கேமரா கட்டினார்கள்; இறக்கையின் அதிர்வில் படம் கூழானது. பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார்கள் தாமதமாக, வெட்டி வெட்டித் திரும்பின. 2012 வாக்கில் பிரஷ்லெஸ் மோட்டாரை, பல்சக்கரம் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கேமராவோடு இணைக்கும் முறை பரவியது. மெல்லிய கம்பியை நிறையச் சுற்றிய இந்த மோட்டார்கள் வேகமாகச் சுழல்வதற்காக அல்ல. ஒரு கோணத்தில் நின்றபடி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் திருத்துவதற்காக.

2013 ஏப்ரலில் ஃப்ரீஃப்ளை என்ற அமெரிக்க நிறுவனம் மோவி எம்10 என்ற கருவியைக் காட்டியது. புகைப்படக்காரர் வின்சென்ட் லாஃபோரே அதை வைத்து எடுத்த குறும்படத்தில் கேமரா கையிலிருந்து கைக்கு மாறி, வண்டியில் ஏறி இறங்கி, எங்கும் குலுங்காமல் போனது. விலை ஏறக்குறைய 15,000 டாலர். ஆனாலும் கவசமும் கம்பமும் இல்லாமல், இரண்டு கையால் பிடித்தே ஸ்டெடிகாமின் வழவழப்பில் பெரும்பகுதியை எட்டலாம் என்று அது காட்டிவிட்டது.

அதன்பின் விலை சரிந்த வேகத்துக்குக் காரணம் சீனத் தொழிற்சாலைகள். ஹாங்காங்கில் படித்த வாங் டாவ் 2006இல் ஷென்ஜென் நகரில் தொடங்கிய டிஜேஐ, பொம்மை ஹெலிகாப்டருக்கான கட்டுப்பாட்டுப் பலகையில் ஆரம்பித்து டிரோன் சந்தையின் முதலிடத்துக்கு வந்திருந்தது. 2015 அக்டோபரில் டிரோனின் வயிற்றில் தொங்கிய கேமராவையும் கிம்பலையும் கழற்றி, கைப்பிடி ஒன்றில் மாட்டி, ஓஸ்மோ என்று விற்றார்கள். குயிலின் நகரைச் சேர்ந்த ஃபெய்யூ, ஜியூன் ஆகிய இரண்டு நிறுவனங்களும் கைக் கிம்பல்களைப் போட்டி போட்டுக் கொண்டுவந்தன.

அசையாமல் நிற்கும் வித்தை இப்படி வந்து சேர்ந்தது. இனி மற்றது.

பின்தொடரும் கணக்கு

இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுட வேண்டிய பீரங்கிக்கு ஒரு சங்கடம். குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் விமானம் வேறிடம் போயிருக்கும். இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. போகப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். எம்ஐடியில் கணிதப் பேராசிரியர் நார்பர்ட் வீனர் இந்தக் கணிப்பைக் கணிதமாக்கினார். அவர் திட்டமிட்ட கருவி போரில் களமிறங்கவில்லை. ஆனால் அந்தக் கணிதம் நின்றது. கால்மன் முறையும் அதே கேள்வியின் அடுத்த தலைமுறை விடைதான்.

கைபேசிக்கும் இதே சங்கடம்தான், அளவில் சிறியது. வீடியோ நொடிக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 33 மில்லிநொடி. படத்தை வாங்கி, ஆளைத் தேடி, கட்டளையை அனுப்பி, மோட்டார் திரும்புவதற்குள் குழந்தை ஓர் அடி தள்ளிப் போயிருக்கும். அதனால் ஆளைப் பின்தொடரும் டிராக்கிங் மென்பொருளும் போகப்போகும் இடத்தை ஊகித்தே ஆக வேண்டும்.

ஊகிப்பதற்கு முன் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. 1981இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸ், டகேயோ கனடே இருவரும், ஒரு படத்தில் இருந்த சிறு புள்ளிக்கூட்டம் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது என்று கணக்கிடும் முறையைத் தந்தார்கள். 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் இருவரும் மனித முகத்தை நொடிக்கு 15 படம் வேகத்தில் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்கள், அதுவும் அன்றைய சாதாரணக் கணினியில். கண் பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு கண்களைவிட வெளிச்சமாக இருக்கும் என்பது போன்ற எளிய இருள்-ஒளிச் சோதனைகளை அடுக்கிவைத்து, முகமில்லாத இடங்களை முதல் சில சோதனைகளிலேயே கழித்துவிடுவது அதன் சூட்சுமம். கேமராக்களில் முகத்தைச் சுற்றி வந்த சதுரக் கட்டத்துக்குப் பின்னால் இருந்தது இந்த வகை யோசனை.

ஆனால் ஆள் முதுகைக் காட்டினால்? நாய்க்குட்டியைப் பின்தொடர வேண்டுமென்றால்? எதுவாக இருந்தாலும், பயனர் கட்டம் போட்ட அந்தத் துண்டையே மாதிரியாக வைத்துத் தேடும் முறை வேண்டும். 2010இல் டேவிட் போல்மும் அவர் குழுவும் வெளியிட்ட 'மாஸ்' என்ற முறை இதைச் சாதாரணக் கணினியில் நொடிக்கு 669 படம் வேகத்தில் செய்தது. கட்டத்துக்குள் இருக்கும் உருவத்திலிருந்து ஒரு வடிகட்டி செய்து, அடுத்த படத்தின் மேல் அதை ஓட்டி, எங்கே மிக நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே ஆள் இருக்கிறார் என்று கொள்வது. கொண்டபின், அவர் இப்போது இருக்கும் தோற்றத்தைக் கொஞ்சம் கலந்து வடிகட்டியைப் புதுப்பிப்பது. திரும்பினாலும் குனிந்தாலும் படத்துக்குப் படம் மாற்றம் சிறிதுதான் என்பதால் வடிகட்டியும் கூடவே மாறிக்கொள்கிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், இரண்டு துண்டுகள் ஒரே பொருளா என்று ஒப்பிடப் பழக்கிய இரட்டை நரம்பு வலையால் இதே வேலையை இன்னும் உறுதியாகச் செய்து காட்டினார்கள்.

சம்பந்தம் கூடிய ஆண்டு

2016 மார்ச்சில் டிஜேஐ வெளியிட்ட ஃபேண்டம் 4 டிரோனில் திரையில் ஆளைத் தொட்டுக் காட்டினால், டிரோன் அவரைப் பின்தொடரும். ஆக்டிவ்டிராக் என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த வசதியோடு வந்தது ஓஸ்மோ மொபைல். இதில் கேமரா கிடையாது. உங்கள் கைபேசியே கேமரா. விலை 299 டாலர். 2018இல் வந்த அடுத்த வடிவம் 129 டாலர். 2019இல் மடித்துப் பைக்குள் வைக்கிற மாதிரி வந்தது. 2020இல் கைபேசியைக் காந்தத்தால் ஒட்டவைக்கும் கவ்வி வந்தது.

சம்பந்தம் எளிதில் கூடிவிடவில்லை. நிலைநிறுத்தும் மோட்டாரின் கொள்கை 'அசையாதே'. டிராக்கிங்கின் கொள்கை 'திரும்பு'. டிராக்கிங் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் உடனே திரும்பினால் படம் வெட்டி வெட்டிப் போகும். சொல்வதை ஆற அமரக் கேட்டால் ஆள் சட்டகத்தை விட்டு ஓடிவிடுவார். வழி, வேலையை இரண்டு அடுக்காகப் பிரிப்பது. உள் அடுக்கு நொடிக்குப் பல நூறு முறை சுழன்று கைநடுக்கத்தைத் துடைக்கிறது. வெளி அடுக்கு, படம் வரும் வேகத்துக்கு ஆளைப் பார்த்து, மெல்லத் திரும்பும் வேகத்தை மட்டும் உள் அடுக்குக்குச் சொல்கிறது. ஆள் கொஞ்சம் நகர்ந்ததும் பாய்ந்துவிடாமல், படிப்படியாக வேகமெடுத்துப் படிப்படியாகத் தணிவதில்தான் நல்ல கிம்பலும் மட்டமான கிம்பலும் பிரிகின்றன. கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அல்ல, எவ்வளவு பக்குவமாக நிற்கிறது என்பதை.

இன்னொரு சிக்கல் ஆப்பில் இருந்தது. ஆளைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஓடுவது கைபேசியில், திரும்புவது கிம்பல். நடுவே தூது போவது ப்ளூடூத். அதனால் கிம்பல் நிறுவனத்தின் சொந்த ஆப்பில் எடுத்தால்தான் டிராக்கிங் கிடைத்தது. கைபேசியின் சொந்தக் கேமராவில் இருக்கும் நிறப் பக்குவமும் இரவுக் காட்சித் தெளிவும் அங்கே முழுசாக வரவில்லை. இன்ஸ்டாகிராமில் நேரலை போனால் டிராக்கிங்கே கிடைக்கவில்லை. ஹோஹெம் போன்ற நிறுவனங்கள் கிம்பலிலேயே ஒரு குட்டிக் கேமராவை வைத்து இதைச் சமாளித்தன. கைபேசியில் எந்த ஆப் ஓடினால் என்ன, கிம்பல் தன் கண்ணால் பார்த்துக்கொள்ளும். ஆப்பிள் 2023 ஜூனில் ஐஓஎஸ் 17உடன் டாக்கிட் என்ற ஏற்பாட்டை அறிவித்து, ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கைபேசியின் அடிப்படை மென்பொருளிடமே கொடுத்தது. 2024இல் வந்த இன்ஸ்டா360 ஃப்ளோ புரோ கிம்பல் அதைப் பயன்படுத்தியது. 2025இல் டிஜேஐயும் ஓஸ்மோ மொபைல் 7பி உடன் தனியாக மாட்டும் உணரி ஒன்றைத் தந்தது.

கையில் எடுப்பவர்களுக்கு

பிறந்த கதை தெரிந்தால் பயன்படுத்துவதும் சுலபம். கிம்பல் திருத்துவது திருப்பத்தை மட்டும்தான்: இடம்-வலம், மேல்-கீழ், பக்கச் சாய்வு. நடக்கும்போது உடம்பே மேலும் கீழும் எழும்பித் தாழ்வதை அதனால் திருத்த முடியாது. பிரவுனின் சுருள்வில் செய்த அந்த வேலை இதில் இல்லை. அதற்கு உங்கள் முழங்கால்தான் சுருள்வில். சற்று மடக்கி, குதிகாலிலிருந்து விரல் நோக்கிப் பாதத்தை உருட்டி வைத்து நடந்தால் துள்ளல் பெரும்பாலும் போய்விடும்.

மோட்டாரை இயக்குமுன் கைபேசியைச் சமன் செய்துகொள்ளுங்கள். பெரிய கேமரா இருக்கும் பக்கம் கனக்கும். அணைத்த நிலையில் விட்டால் எந்தப் பக்கம் தொங்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கைபேசியைக் கவ்விக்குள் ஓர் இழை நகர்த்த வேண்டும். சமன் இல்லாவிட்டால் மோட்டார் முனகும், பேட்டரி சீக்கிரம் தீரும், படத்தில் நுண்ணிய அதிர்வு வரும்.

டிராக்கிங்கில் கட்டம் போடும்போது ஆளை இறுக்கமாகச் சுற்றிப் போடுங்கள். பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்துப் போட்டால் மென்பொருள் சுவரையும் ஆள் என்றே கற்றுக்கொள்ளும். இருட்டும், எதிர்வெளிச்சமும், கும்பலும் அதற்கு ஆகாது. எல்லோரும் வெள்ளை வேட்டி சட்டையில் திரியும் நம்மூர் மண்டபத்தில் மாப்பிள்ளையைத் தொடர்ந்த கேமரா, குறுக்கே போன பங்காளியோடு பந்திக்குப் போய்விடும். கூட்டத்தில் டிராக்கிங்கை அணைத்துவிட்டுக் கையாலேயே திருப்புவது மேல். தனியாக எடுப்பவர்கள் கேமராவைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாலே பல மாடல்கள் பின்தொடரத் தொடங்கிவிடும். தாங்கியில் நிறுத்திவிட்டு நீங்கள் நடமாடலாம்.

முக்கியமான குறை ஒன்று மிச்சமிருக்கிறது, அது கருவியினுடையது அல்ல. அமைப்பை மாற்றாமல் விட்டால் டிராக்கிங் ஆளைச் சட்டகத்தின் நடுவிலேயே வைக்கப் பார்க்கும். ஸ்டெடிகாம்காரர் அப்படி வைக்கமாட்டார். நடப்பவருக்கு முன்னால் இடம் விடுவார்; வாசல் வந்ததும் ஆளைப் போகவிட்டு அறையைக் காட்டுவார்; சில சமயம் ஆள் வருமுன் அங்கே போய்க் காத்திருப்பார். பல ஆப்களில் ஆளை ஓரத்தில் நிறுத்தும் வசதியும் திரும்பும் வேகத்தைக் குறைக்கும் வசதியும் இருக்கின்றன. ஆனால் வாங்கியவர்களில் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. திறந்து பாருங்கள். நடுக்கத்தைத் துடைப்பதை மோட்டாரிடமும் தொடர்வதை மென்பொருளிடமும் தாராளமாக ஒப்படைக்கலாம். எதைத் தொடர்வது, எங்கே விட்டுவிடுவது என்ற முடிவை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.